சக்கரேரா ஆடப் பழகுவது எப்படி: மதுரைப் பக்கத்து ஆட்டக் குழுக்களுக்கு ஓர் அர்ஜென்டினப் பாடம்

அர்ஜென்டினாவின் ஆட்டம் எது என்று கேட்டால் பெரும்பாலானோர் டாங்கோ என்றுதான் சொல்வார்கள். டாங்கோ, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புவெனஸ் அயர்ஸ், மோன்தேவிதேயோ என்னும் இரண்டு துறைமுக நகரங்களில் வளர்ந்த நகரத்து ஆட்டம். அர்ஜென்டினா, உருகுவே ஆகிய இரு நாடுகளுக்கும் பொதுவான மரபாக 2009இல் யுனெஸ்கோ அதைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அர்ஜென்டினத் தலைநகரான புவெனஸ் அயர்ஸை விட்டு வடமேற்கே போகப் போக, வீட்டு முற்றங்களிலும் திருவிழா இரவுகளிலும் பாட்டி முதல் பேரன் வரை எழுந்து ஆடுவது வேறு ஆட்டங்களை. அவற்றுள் சக்கரேரா முதன்மையானது. ஒயிலாட்டமும் கும்மியும் தப்பாட்டமும் பழகிய மதுரை, மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரக் குழுக்கள் ஓர் அயல்நாட்டு நாட்டுப்புற ஆட்டத்தைக் கற்க விரும்பினால், டாங்கோவிலிருந்து தொடங்காமல் சக்கரேராவிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இதற்குக் காரணங்கள் உண்டு. சக்கரேரா இணையாக ஆடப்படுவது. ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் தொடுவதில்லை. ஆகவே பள்ளி, கல்லூரி ஆண்டு விழாக்களில் பெற்றோருக்கோ ஆசிரியர்களுக்கோ அது எந்தச் சங்கடத்தையும் தராது. ஆட்டத்தின் அமைப்பு முன்பே வகுக்கப்பட்டது. எந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை இசையே சொல்லிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் தாளம் நம் நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அந்தப் பழக்கமே ஓரிடத்தில் நம்மைத் தடுமாறவும் வைக்கும் என்பதால், காலைத் தொடுவதற்கு முன் காதைத் தயார் செய்ய வேண்டும். இந்த வரிசையை மாற்றிப் பழகிய குழுக்கள், அடிகள் எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் ஆட்டமாக இல்லாமல் உடற்பயிற்சியாகவே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

சக்கரேராவின் தாயகம் சாந்தியாகோ தெல் எஸ்தெரோ மாகாணம். வெயில் கடுமையும் முள்காடுகளும் வறண்ட மண்ணும் கொண்ட பகுதி அது. அதன் தலைநகர் 1553இல் நிறுவப்பட்டது. இன்றைய அர்ஜென்டினாவில் தொடர்ந்து மக்கள் வாழும் நகரங்களுள் அதுவே மிகப் பழையது. ஸ்பானிய மொழியோடு கிச்சுவா மொழியும் அங்கே இன்றுவரை பேசப்படுகிறது. சக்கரேராப் பாட்டுகளிலும் இரண்டும் கலந்து வரும். நெடுங்காலம் மாகாண மக்களுக்குள்ளேயே இருந்த இந்த ஆட்டங்களை, ஆந்திரேஸ் சாசரேத்தா என்னும் இசைக் கலைஞர் தம் ஊர் ஆட்டக்காரர்களையும் வாத்தியக்காரர்களையும் அழைத்துக்கொண்டு 1921இல் புவெனஸ் அயர்ஸ் மேடைக்குக் கொண்டுவந்தார். தலைநகரத்தார் தம் நாட்டின் உட்பகுதிக் கலையைக் கண்கொண்டு பார்க்கத் தொடங்கியதில் அந்த நிகழ்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு. கோவில் கொடையோடு நின்றிருந்த நம் ஆட்டங்கள் கல்லூரி மேடைக்கு வந்த கதையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

முதலில் கேட்பது

முதல் வாரம் முழுவதும் யாரும் எழுந்து ஆட வேண்டாம். லோஸ் மன்செரோஸ் சாந்தியாகேஞ்ஞோஸ் குழுவின் பதிவுகளையும், லோஸ் கரபஹால் குடும்பத்தாரின் பதிவுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிக்ஸ்தோ பலவேசினோ வயலின் வாசித்துக் கிச்சுவாவில் பாடிய சக்கரேராக்களையும் கட்டாயம் கேட்க வேண்டும். கிட்டாரும் முரசும் மட்டுமே சக்கரேரா என்ற எண்ணத்தை அவருடைய வயலின் மாற்றிவிடும். தேடும்போது ‘சக்கரேரா சிம்ப்ளே’ என்ற வகையையே தேர்ந்தெடுங்கள். ‘தோப்ளே’ என்று குறிப்பிடப்படும் வகையில் பாட்டின் ஒவ்வொரு பத்தியும் நீண்டுவிடும். தொடக்கக்காரர்களுக்கு அது வேண்டாம்.

தாளத்தைப் பிடிக்கும் வழி இது. ஓர் ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் ஒரு சுற்றில், ஆறு சிறு மாத்திரைகள் உள்ளன. அந்த ஆறை இரண்டு மும்மூன்றாகப் பிரித்தால் ‘தகிட தகிட’. மூன்று இரண்டிரண்டாகப் பிரித்தால் ‘தக தக தக’. சக்கரேராவில் இவ்விரண்டு பிரிவுகளும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒரு குரலோ ஒரு வாத்தியமோ முதல் பிரிவில் நடக்கும்போது இன்னொன்று இரண்டாவது பிரிவில் நடக்கும். ஆட்டத்தின் துள்ளல் முழுவதும் இந்த உரசலிலிருந்துதான் பிறக்கிறது. கல்யாண வீடுகளில் வாசிக்கும் இன்னிசைக் குழுத் தாளக்காரர்கள் ‘சிக்ஸ் எய்ட்’ என்று சொல்லும் நடை இதன் ஒரு பாதிதான். நம் குத்துப் பாட்டில் கனத்த அடி முதல் மாத்திரையில் வந்து விழும்; உடம்பும் அதைத் தேடிப் பழகிவிட்டது. சக்கரேராவிலோ முரசின் கனத்த ஒலி பெரும்பாலும் முதல் மாத்திரையைத் தாண்டித்தான் விழுகிறது. கனத்த ஒலியை முதல் அடி என்று எடுத்துக்கொண்டவர், தாளம் தவறாமலேயே ஆட்டம் முழுவதையும் இடம் மாற்றி ஆடிக்கொண்டிருப்பார்.

இதற்கு ஒரு பயிற்சி. குழுவை இரண்டாகப் பிரித்துத் தரையில் எதிரெதிரே உட்கார வையுங்கள். ஒரு பாதி ‘தகிட தகிட’ என்று சொல்லி ஒவ்வொரு ‘த’விலும் தொடையில் தட்டட்டும், ஓர் ஆவர்த்தனத்துக்கு இரண்டு தட்டு. மறுபாதி ‘தக தக தக’ என்று சொல்லி ஒவ்வொரு ‘த’விலும் கை தட்டட்டும்; ஓர் ஆவர்த்தனத்துக்கு மூன்று தட்டு. முதல் தட்டு மட்டும் இரண்டு பக்கமும் சேர்ந்து விழ வேண்டும். கைதட்டலின் இரண்டாம் தட்டு தொடைத் தட்டுக்குச் சற்று முன்னும், மூன்றாம் தட்டு அதற்குச் சற்றுப் பின்னும் விழுந்தால் சரியாக இருக்கிறது என்று பொருள். இரு பக்கமும் நிலைப்பட்டதும் பக்கங்களை மாற்றுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தனியாக, பாதத்தால் இரண்டும் கையால் மூன்றும் தட்டிப் பழக வேண்டும். வாய்ப்பாட்டு, மிருதங்கம் கற்றவர்களுக்கு இது உடனே வந்துவிடும். அவர்களைக் கொண்டே மற்றவர்களைப் பழக்கலாம்.

அடுத்து, தேர்ந்தெடுத்த பதிவில் ஆவர்த்தனங்களை எண்ணுங்கள். தொடக்க இசை சில பாட்டுகளில் ஆறு ஆவர்த்தனம், சிலவற்றில் எட்டு. பத்திகளுக்கு இடையில் வரும் வாத்திய இடையிசையும் அப்படித்தான், ஆறாகவோ எட்டாகவோ இருக்கும். பாடும் பத்தி மட்டும் எட்டு. இந்த எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்துவிட்டுத்தான் ஆட்டத்துக்குப் போக வேண்டும். ஏனெனில் ஆறுக்குப் பழகிய கால், எட்டு வரும் பாட்டில் இரண்டு ஆவர்த்தனம் முன்னதாகவே வந்து நின்றுவிடும்.

முரசும் கிட்டாரும்

சக்கரேராவின் முரசுக்குப் போம்போ லெகுவேரோ என்று பெயர். சேய்போ என்னும் மரத்தின் அடிமரத்தைக் குடைந்து, ஆட்டுத் தோலை மயிர் நீக்காமல் இரு பக்கமும் போர்த்தி, மரவளையங்களை வைத்துத் தோல்வாரால் இழுத்துக் கட்டுவார்கள். மயிரோடு கூடிய தோல் என்பதால் ஒலி கணீரென்று ஒலிக்காமல் அடங்கி, ஆழமாக வரும். ஒரு லெகுவா தூரம், அதாவது ஏறக்குறைய 5 கிலோமீட்டர் கேட்கும் என்பதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஒரு கையில் துணி சுற்றிய கோல், மறுகையில் வெறும் குச்சி. தோலில் விழும் கனத்த அடியும் மரவளையத்தில் விழும் வறண்ட அடியும் மாறி மாறி வரும்.

இந்த முரசு நமக்குக் கிடைக்காது. கிடைக்காததால் குறை ஒன்றும் இல்லை. தவிலை எடுக்க வேண்டாம் என்பேன். அதன் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், எழுப்பும் ஒலி மிகக் கூர்மையானது, அருகில் ஆடுபவரின் காலை அது தன் போக்கில் இழுத்துவிடும். உறுமியின் இழுப்பொலியும் இங்கே பொருந்தாது. நம் பள்ளிக்கூடங்கள் அநேகமாக எல்லாவற்றிலும் குடியரசு தின அணிவகுப்புக்கென்று ஒரு பேண்டு வாத்தியப் பெரிய டிரம் இருக்கும். அதை வாங்கி, தோலைச் சற்றுத் தளர்த்தி, அடிக்காத பக்கத்தில் ஒரு கனத்த துண்டை மடித்துக் கட்டுங்கள். ஒரு கோலின் நுனியில் பழைய வேட்டித் துணியை இறுகச் சுற்றி நூலால் கட்டிக்கொள்ளுங்கள். மற்றொரு கையில் மெல்லிய குச்சியால் டிரம்மின் மர விளிம்பில் தட்டுங்கள். பயிற்சிக்கும் மேடைக்கும் அது தாராளமாகப் போதும். தேவாலயப் பாடற்குழுவிலோ இன்னிசைக் குழுவிலோ கிட்டார் வாசிக்கும் இளைஞர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பிகளை மேலும் கீழும் வருடிவிட்டு, நடுவில் உள்ளங்கையால் அவற்றை அமுக்கி ஓர் அறை அறைவதுதான் சக்கரேராக் கிட்டாரின் உயிர். அந்த அறையைப் பதிவில் கேட்டு அவர் பிடித்துக்கொள்வார்.

அடிகள்

இணையர் இருவரும் மூன்று நான்கு தப்படி இடைவெளியில் எதிரெதிரே நிற்கிறார்கள். கைகள் தோளுக்கு மேலே, முழங்கை வளைந்து, இறுக்கமில்லாமல் உயர்ந்திருக்கும். விரல்கள் தாளத்துக்குச் சொடுக்கிக்கொண்டே இருக்கும். அடிப்படை நடை மிக எளிது. ஓர் ஆவர்த்தனத்துக்கு மூன்று முறை பாதம் வைப்பது: இடக்கால் முழுப்பாதம், வலக்கால் முன்பாதம், மீண்டும் இடக்கால். அடுத்த ஆவர்த்தனம் வலக்காலில் தொடங்கும். எந்த அங்கமானாலும் முதல் அடி இடக்காலில்தான். தொடக்கத்தில் இம்மூன்றையும் ‘தக தக தக’ என்ற கணக்கில் சம இடைவெளியில் வைத்துப் பழகலாம். பாட்டோடு ஆட ஆடத் துள்ளல் தானாக வந்து சேரும். ஒயிலாட்டம் ஆடுபவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: முழங்காலை உயர்த்த வேண்டாம். பாதம் தரையை விட்டு அதிகம் எழாமல், நிலத்தை ஒட்டியே நகர வேண்டும்.

தொடக்க இசையின்போது ஆடுபவர்களும் சுற்றி இருப்பவர்களும் கைதட்டுவார்கள். அது முடியும் தறுவாயில் பாடகர் ‘அதென்த்ரோ!’ என்று குரல் கொடுப்பார். உள்ளே வாருங்கள் என்ற அழைப்பு அது. முதல் பத்தியின் எட்டு ஆவர்த்தனத்தில் நான்கு, முன்னே போய்ப் பின்னே வருவதற்கு: இரண்டு ஆவர்த்தனம் எதிராளியை நோக்கி, இரண்டு ஆவர்த்தனம் பின்னோக்கி, முகத்தை விட்டுப் பார்வையை எடுக்காமல். அடுத்த நான்கில் ஒவ்வொருவரும் தம் இடத்திலேயே இடப்பக்கமாக ஒரு சிறு வட்டம் சுற்றி வர வேண்டும். அதன்பின் வரும் இடையிசையில் இருவரும் சேர்ந்து ஒரே பெரிய வட்டத்தில் நடந்து அவரவர் இடத்துக்கே திரும்புகிறார்கள். இந்தச் சுற்று, கோவிலில் நாம் வலம் வரும் திசைக்கு நேர் எதிரானது. வட்டத்தின் நடு எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் முதல் நாளில் மோதிக்கொள்ளும் இடம் இதுதான் என்பதால், பாட்டே இல்லாமல் வெறும் நடையாகச் சில முறை சுற்ற வைத்துவிடுங்கள்.

இரண்டாம் பத்தியில் சப்பத்தேயோவும் சரந்தேயோவும் வருகின்றன. முன்னது ஆணின் பங்கு: குதிகால், முன்பாதம், முழுப்பாதம் ஆகியவற்றால் தரையில் தட்டித் தாளத்தை நெய்வது. பின்னது பெண்ணின் பங்கு: பாவாடையின் இரு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு, முன்னும் பக்கமும் பின்னுமாகச் சிறு சாய்சதுர வழியில் நகர்ந்து துணியை அசைப்பது. எட்டு ஆவர்த்தனம் இது நடக்கும். மீண்டும் இடையிசை, மீண்டும் பெரிய வட்டம். மூன்றாம் பத்தியில் மீண்டும் சப்பத்தேயோ. இறுதிப் பத்திக்கு முன் ‘ஆவ்ரா!’ என்று ஒரு குரல் எழும். அப்போது நான்கு ஆவர்த்தனத்தில் அரைவட்டம் நடந்து இணையர் இடம் மாறிக்கொள்கிறார்கள். கடைசி நான்கில் சிறு சுற்றுச் சுற்றியபடி நடுவுக்கு வந்து, நெருங்கி நின்று முடிக்கிறார்கள். இது பாதி ஆட்டம்தான். ‘செகுண்டா!’ என்ற குரலோடு இரண்டாம் பாதி, இடம் மாறிய நிலையிலிருந்து, அதே வரிசையில் முழுவதும் நடக்கும்.

சப்பத்தேயோவைப் பார்த்துவிட்டு இளைஞர்கள் அதிலேயே மயங்கி நின்றுவிடுவார்கள். அந்த மயக்கத்துக்கென்றே தனி ஆட்டம் ஒன்று உண்டு: மலாம்போ, ஆண்கள் தனியாக நின்று காலாலேயே போட்டியிடும் ஆட்டம். கோர்தோபா மாகாணத்தின் லாபோர்தே என்னும் சிற்றூரில் 1966 முதல் அதற்கென்றே தேசிய விழா நடக்கிறது. சக்கரேராவில் அந்த வித்தைக்கு இடம் இல்லை. எட்டு ஆவர்த்தனமும் தன் காலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டக்காரர் எதிரே நிற்பவரை மறந்துவிட்டார் என்று பொருள். சக்கரேராவில் அதைவிடப் பெரிய பிழை கிடையாது. ஓர் எளிய தட்டு வரிசையைச் சுத்தமாக, எதிராளியைப் பார்த்தபடி ஆடுங்கள். பெண்கள் மட்டுமே உள்ள குழுக்களில் இணையில் ஒருவர் தட்டும் பங்கை ஏற்றுக்கொள்ளலாம்.

உடையும் தரையும் பற்றிச் சில வார்த்தைகள். வெறுங்காலோடு சிமென்ட் தரையில் குதிகாலைத் தட்டினால் சில நாளிலேயே வலி கண்டுவிடும். கனத்த தோல் செருப்போ பழைய பள்ளிக் காலணியோ அணியுங்கள். சலங்கை வேண்டாம், பாதத்தின் தட்டு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பெண்களுக்கு விரிவு மிகுந்த பாவாடை தேவை, அதற்கு நம் சுங்குடித் துணியே போதும்; காற்றில் விரியும் இலேசும் மடிப்பு நிற்கும் தன்மையும் அதற்கு உண்டு. ஆண்களுக்கு வேட்டி இங்கே சரிவராது, தொளதொளப்பான கால்சட்டையே நல்லது. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிப் பயிற்சியை விடியலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கைக்குட்டை ஆட்டம்

சக்கரேரா உடம்பில் ஊறிய பிறகு ஸம்பாவுக்குப் போகலாம். பிரேசில் நாட்டு சம்பாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெருவில் தோன்றிய சமக்குவேக்கா என்னும் ஆட்டத்தின் வழியில் வந்தது இது. சிலி நாட்டின் குவேக்காவும் பெருவின் மரினேராவும் இதன் உடன்பிறப்புகள். அதே ஆறு மாத்திரைதான், ஆனால் நடை நிதானமானது. இணையர் இருவர் கையிலும் ஒரு கைக்குட்டை இருக்கும். ஆண் நெருங்குவதும், பெண் விலகுவதும், இருவரும் சுற்றிவந்து இறுதியில் இணங்குவதுமாகச் சொல்லப்படும் காதற்பேச்சை அந்தத் துணிதான் பேசுகிறது.

ஒயிலாட்டக்காரர்கள் கையில் துணி பிடிக்கக் கற்றவர்கள் என்பதால் இது எளிதாக வரும் என்று தோன்றும். பாதிதான் உண்மை. ஒயிலில் துணி வரிசை முழுவதற்கும் சொந்தம்; எல்லார் கையும் ஒரே கணத்தில் வீசி ஒரே கணத்தில் இறங்குவதே அதன் அழகு. ஸம்பாவில் துணி எதிரே நிற்கும் ஒருவருக்கு மட்டும் உரியது. அதனால் மணிக்கட்டின் வீச்சைக் குறைக்க வேண்டும். கைக்குட்டையின் ஒரு முனையை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்து, கையைத் தோள் உயரத்தில் வைத்து, மணிக்கட்டை மெல்லத் திருப்பித் துணி தன் எடையிலேயே இறங்குமாறு விடுங்கள். அது முழுவதும் இறங்கும் முன் அடுத்த திருப்பம் தொடங்க வேண்டும். எதிராளி துணியை உயர்த்தும்போது நீங்கள் தாழ்த்திப் பாருங்கள். அவர் தாழ்த்தும்போது சிறிது காத்திருந்து பிறகு உயர்த்துங்கள். இருவராக உட்கார்ந்து, கால் அசைக்காமல், ஒரு முழுப் பாட்டுக்கும் கைக்குட்டையால் மட்டும் உரையாடிப் பழகுவது மிகுந்த பயன் தரும். இதற்கு மெர்சேதெஸ் சோசா பாடிய ஸம்பாக்களைவிட நல்ல துணை இல்லை. துக்குமான் மாகாணத்தில் 1935இல் பிறந்த அவருடைய குரலில் மூச்சு எங்கே நிற்கிறது என்பது தெளிவாகக் கேட்கும். கைக்குட்டையும் அங்கேயே நிற்கலாம்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறு பிள்ளைகளுக்கு கார்னவாலித்தோ ஏற்றது: போலிவியாவை ஒட்டிய ஹுஹுய் மாகாணத்து மலைப்பகுதியில், கேனா என்னும் குழலுக்கும் சரங்கோ என்னும் சிறு நரம்பு வாத்தியத்துக்கும் கைகோத்து வரிசையாகவும் வட்டமாகவும் ஆடுவது, கும்மி தெரிந்த பிள்ளைகளை ஒரு மாலையில் பழக்கிவிடலாம். வடகிழக்கே கொர்ரியேந்தெஸ் மாகாணத்தின் சமாமே அக்கார்டியனுக்கு அணைத்தபடி ஆடப்படுவது. 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. கோர்தோபா நகரத்தில் 1940களில் எழுந்த குவார்தெத்தோ விடிய விடிய நடக்கும் நடனக் கூடத்து இசை. இவை இரண்டையும் டாங்கோவையும் நேரில் கற்பிக்கும் ஆசிரியர் கிடைக்கும் வரை கேட்டு மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அணைத்து ஆடும் ஆட்டத்தில் எடையை மாற்றிக் கொடுப்பதைக் காணொளி பார்த்துக் கற்க முடியாது.

மேடையேற்றும்போது எல்லா இணையர்களையும் பார்வையாளர் பக்கம் திருப்பி வரிசையாக நிறுத்தாதீர்கள். இணையர்கள் ஒருவருக்கொருவர்தான் முகம் காட்ட வேண்டும். அர்ஜென்டினாவில் பேஞ்ஞா என்று சொல்லப்படும் கூடுகைகளில் பாடுபவர்கள் ஒரு பக்கமும் சாப்பாட்டு மேசைகள் ஒரு பக்கமும் இருக்க, நடுவில் கிடைக்கும் இடத்தில் விருப்பப்பட்டவர்கள் எழுந்து ஆடுவார்கள். 1961 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் கோஸ்கீன் ஊரில் ஒன்பது இரவுகள் நடக்கும் பெரிய நாட்டுப்புற விழாவிலும், மேடைக்கு வெளியே தெருக்களிலும் சதுக்கத்திலும் மக்கள் இப்படித்தான் ஆடுகிறார்கள். இதைப் பின்பற்றி, மேடையை விட்டுக் கீழே இறங்கி, பள்ளி மைதானத்திலோ கோவில் முன்திடலிலோ பார்வையாளர்களை நாற்புறமும் உட்கார வையுங்கள். தொடக்க இசைக்கான ‘தக தக தக’ கைதட்டலை ஆட்டத்துக்கு முன்பே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். முதல் சக்கரேராவை நான்கு இணையர் ஆடட்டும். இரண்டாவது பாட்டின் தொடக்க இசை ஒலிக்கும்போது அவர்கள் ஒவ்வொருவரும் கூட்டத்திலிருந்து ஒருவரை அழைத்து எதிரே நிறுத்திக்கொள்ளட்டும். புதியவருக்கு அடிகள் தெரியாவிட்டாலும் முன்னே வருவது, சுற்றுவது, வட்டம் போவது ஆகிய மூன்றையும் எதிரே ஆடுபவரைப் பார்த்தே செய்துவிட முடியும்; சப்பத்தேயோ வரும் எட்டு ஆவர்த்தனமும் அவர் கைதட்டிக்கொண்டு நின்றால் போதும்.